நாலாம் லைன், மூணாவது வீடு

14

"மியூசியமா?" என்றாள் மரகதம். கேட்ட குரல் அவளுக்கே கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது.

முன் சீட்டிலிருந்து ஜானகியம்மாள் திரும்பிச் சிரித்தாள். "ஆமாங்க சம்பந்தி. பழைய எஸ்டேட்டு சனங்க எப்படிக் குடியிருந்தாங்க, என்னத்தப் பொங்கித் தின்னாங்க, எல்லாம் அப்படியே வெச்சிருக்காங்களாமா. ஊட்டிப் பூவையே எத்தன வாட்டிதான் பார்க்கறதுங்க?"

காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய ஒரே மகன் லோகு. இன்னும் பன்னிரண்டு நாளில் மரகதத்தின் மகள் ஜெயஸ்ரீக்கும் அவனுக்கும் நிச்சயதார்த்தம். கோயமுத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, மனசுக்குப் பிடித்துப்போய், வீட்டில் சொல்ல முடியாமல் ஆறு மாதம் தவித்தார்கள். போன மாதம்தான் இரண்டு வீடும் ஒருவழியாக இறங்கி வந்தது.

அந்த இறக்கத்துக்காக மரகதம் இரண்டு பொய் சொல்லியிருந்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று ஜானகியம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "உங்கப்பா என்ன பண்ணிட்டிருந்தாருங்க?" கை நிறைய வளையல், வாசலில் புதுக் கார். மரகதத்தின் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எஸ்டேட் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்குங்க." அடுத்த கேள்வி, "கூடப் பொறந்தவங்க?" அதற்கும் பதில் தயாராக இருந்தது. "யாருமில்லைங்க, நான் ஒருத்திதான்."

ஜெயஸ்ரீ அப்போது உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். கணவன் இளங்குமரன் மட்டும் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்றைக்கும் அவன் வரவில்லை. அருவங்காடு பாக்டரியில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று நழுவிவிட்டான்.

கார் கோத்தகிரியைத் தாண்டிக் கீழ் கோத்தகிரி ரோட்டில் இறங்கியது. இந்த ரோட்டில் எத்தனையோ எஸ்டேட். எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மரகதம் ஒவ்வொரு வளைவாக வேண்டிக்கொண்டே வந்தாள். ஏழாவது வளைவில் பச்சைப் பலகை தெரிந்தது.

'வின்ஸ்லோ எஸ்டேட். வாழும் தோட்டக் கிராமம். உங்களை அன்புடன் வரவேற்கிறது.'

அவள் பிறந்த எஸ்டேட்.

ஜெயஸ்ரீ அம்மாவின் பக்கம் குனிந்து, "அம்மா, இது உங்க..." என்று ஆரம்பித்தாள். மரகதம் அவள் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். மகள் புரியாமல் பார்த்தாள். ஆனால் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கம்பெனி நஷ்டம் என்று வின்ஸ்லோவை மூடி எட்டு வருஷமாகிறது. குடியிருந்த நூற்றிப்பத்துக் குடும்பத்தையும் மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அப்புறம் யாரோ வாங்கினார்கள், பங்களா ரிசார்ட் ஆனது என்று காதில் விழுந்திருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளைக் காட்சிக்கு வைப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கேட்டில் ஜெஸிந்தா என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு பெண் காத்திருந்தாள். சுறுசுறுப்பான பெண், இருபத்தைந்து இருக்கும். "வாங்க, வாங்க. முதல்ல மஸ்டர் களம். காலைல ஆறரைக்கு இங்கதான் பேர் கூப்பிடுவாங்க."

களத்தில் காக்கி அரை டிராயரும் தொப்பியும் போட்ட ஒருவர் மேஸ்திரி வேஷத்தில் நின்றார். கையில் நீளமான நோட்டு. வந்திருந்தவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, கம்பீரமாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் "இருக்கேங்க" என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதை வீடியோ எடுத்தது.

மரகதம் சிரிக்கவில்லை. இதே களத்தில் ஒருநாள் மேஸ்திரி "சுடலை" என்று கூப்பிட்டபோது பதில் வரவில்லை. சுடலை அவளுடைய அப்பா. பத்து வருஷம் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு மருந்தடித்து, நெஞ்சு அடைத்து, முந்தின நாள்தான் போயிருந்தார். அந்தப் பெயரை நோட்டில் அடித்துவிட்டு, அதற்குக் கீழேயே அக்கா பேச்சியின் பெயரை எழுதினார்கள். பேச்சிக்கு அப்போது பதினெட்டு. மரகதத்துக்குப் பத்து.

"மழையிலயும் கொழுந்து பறிச்சாங்களாங்க?" ஜானகியம்மாள் ஜெஸிந்தாவைக் கேட்டாள்.

"மழையிலதான் மேடம் கொழுந்து நல்லா வரும்."

"அட்டை கடிக்குமே?"

"இப்ப நாங்க மருந்து போட்டு வெச்சிருக்கோம். விசிட்டர்ஸுக்கு ஒண்ணும் ஆகாது."

ஜானகியம்மாள் மரகதத்தைத் திரும்பிப் பார்த்தாள். எதற்கோ காத்திருப்பவள் போலப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே சம்பந்தி. எஸ்டேட்டுலதான இருந்தீங்க?"

"ஆபீஸ் பக்கம்தாங்க. லைன் பக்கமெல்லாம் வரமாட்டோம்" என்றாள் மரகதம்.

ஜெயஸ்ரீ சட்டென்று நின்றாள். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். மரகதம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னே நடந்தாள்.

லைன்கள் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்றிருந்தன. முன்பு ஒரு லைனுக்கு ஒரே குழாய். இருபது குடம் வரிசையில் நிற்கும். இப்போது குழாயடியில் செம்பருத்தி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் எட்டுப் பேர் படுத்த இடத்தில் ஒரு பாயை விரித்து, ஓரத்தில் ஒரு மண்பானையை அழகாகக் கவிழ்த்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே பொம்மை. அந்த இடத்தில் எப்போதும் இருந்த மூத்திர வாடை மட்டும் இல்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"கடைசியா நாலாம் லைன்" என்றாள் ஜெஸிந்தா. "மூணாவது வீட்டுல ஒரு அக்கா இருக்காங்க. நிஜமாவே இங்க கொழுந்து பறிச்சவங்க. போன வருஷம்தான் தேவாலாவுலருந்து தேடிக் கூட்டிட்டு வந்தோம். அவங்க கதைதான் இங்க ஸ்பெஷல்."

மரகதம் நின்றுவிட்டாள்.

எட்டு வருஷம் முன்னால், லைனைக் காலி செய்யச் சொன்னபோது, பேச்சி ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அருவங்காடு குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். "மூணு மாசம் புள்ள. ஒரு எடம் பார்த்துக்கற வரைக்கும்" என்றாள். வீட்டில் மாமனார் மாமியார் இருந்தார்கள். அடுத்த குவார்ட்டர்ஸில் ஆபீசர் வீடு. மரகதம் சோறு போட்டாள், மீன் குழம்பு ஊற்றினாள், நாலு மணி பஸ்ஸில் ஏற்றி விட்டாள். பேச்சி தேவாலாவுக்குப் போய் ஏதோ எஸ்டேட்டில் சேர்ந்துகொண்டாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். ஸ்கூலிலிருந்து வந்து "பெரியம்மா வந்துச்சா?" என்று கேட்ட ஜெயஸ்ரீயிடம் "அவசரமாப் போயிடுச்சு" என்று சொல்லி முடித்தாள்.

"எனக்கு முட்டி வலிக்குதுங்க. நான் வண்டியில இருக்கட்டுங்களா?"

"இதொரு ஊடுதானுங்க. வாங்க" என்று ஜானகியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை உதற முடியாது.

வாசற்படியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. உள்ளே அடுப்போரம், இடுப்பில் சாக்கு கட்டி, தோளில் கறுப்புக் கம்பளி போட்டு, பக்கத்தில் மூங்கில் கூடை வைத்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் வலது புருவத்தின் குறுக்கே கவாத்துக் கத்தி கிழித்த அந்தத் தழும்பு அப்படியே இருந்தது.

பேச்சி நிமிர்ந்தாள். எல்லார் முகத்தையும் வரிசையாகப் பார்த்து வந்த கண், மரகதத்திடம் வந்து நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு ஜானகியம்மாளைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"வாங்கம்மா. உக்காருங்க."

ஜெயஸ்ரீயின் உதடு பிரிந்தது. மரகதம் அவள் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள். அந்த ஆட்டத்தை மகள் மட்டுமா பார்த்தாள், அடுப்போரம் இருந்தவளும் பார்த்தாளா என்று தெரியவில்லை.

"இந்த ஊட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருந்துச்சு" என்று பேச்சி ஆரம்பித்தாள். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். "அப்பா மருந்தடிச்சவரு. அவரு போனப்புறம் மூத்தது கூடையத் தூக்கிருச்சு. எளையது படிப்புல சுட்டி. காலைல நாலு மணிக்கு எழுந்து, இந்த அடுப்புலதான், எளையதுக்குச் சுடுதண்ணி வெக்கும் மூத்தது. கோத்தகிரி ஸ்கூலுக்குப் பஸ்ஸுக்கு அனுப்பிட்டு, அப்புறம் மஸ்டருக்கு ஓடும். அட்டை கடிச்ச காலோட சாயங்காலம் வந்தா, எளையது எலுமிச்சம்பழத்த வெட்டித் தேச்சு விடும். தேச்சிக்கிட்டே பாடம் சொல்லும்."

சென்னைக் குடும்பத்து அம்மா "ச்சோ" என்றாள். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

"மூத்தவ கல்யாணம் கட்டலீங்களா?" என்றாள் ஜானகியம்மாள்.

"கேட்டு வந்தாங்கம்மா. எளையது ஆஸ்டல்ல இருந்துச்சு, டீச்சர் ட்ரெயினிங். முடியட்டும்னு சொல்லிச் சொல்லி, அப்புறம் கேட்டு வரவே யாரும் வரல." பேச்சி விறகை உள்ளே தள்ளினாள். "அதுக்கென்னம்மா. நல்லாத்தான் இருந்தோம்."

"எளைய புள்ள இப்ப எங்கீங்க?"

பேச்சி அடுப்பை ஊதினாள். புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"செத்துப் போச்சும்மா."

ஜெஸிந்தா பதறிப்போய் முன்னால் வந்தாள். "என்னக்கா? தினமும் 'என் தங்கச்சி டீச்சரா இருக்கு, மகராசியா இருக்கு'ன்னுதானே சொல்லுவீங்க? போன வாரம்கூட..." சொல்லிக்கொண்டே வந்தவள் பேச்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

தினமும்.

மரகதத்துக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஒரு வருஷமும், முகம் தெரியாத ஊர்க்காரர்களிடமெல்லாம், அக்கா தன்னை நல்லபடியாக வாழவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தானோ ஒரே மூச்சில் அவளை இல்லாமல் ஆக்கிவிட்டாள்.

ஜெயஸ்ரீ கையை உதறினாள். குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். "மேடம், உள்ள போகக்கூடாது" என்ற ஜெஸிந்தாவை அவள் கண்டுகொள்ளவில்லை. சாக்கு கட்டிய அந்த மடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "பெரியம்மா" என்றாள்.

பேச்சி அந்தப் பெண்ணின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஏஞ்சாமி, எவ்ளோ ஒசரம் வளந்துட்ட" என்றாள். மரகதத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"போலாம் வாங்க" என்றாள் ஜானகியம்மாள் மெல்ல. "அவங்க ரெண்டு பேரும் பேசட்டும்."

காரை நிறுத்திய இடத்துக்கு வந்தார்கள். லோகு கொஞ்சம் தள்ளி, பேச்சு காதில் விழும் தூரத்தில் சவுக்கு மரத்தடியில் நின்றான். மஞ்சு மேலேறி வந்துகொண்டிருந்தது. பங்களாவின் கூரை தெரிந்து மறைந்தது.

மரகதம்தான் வாயைத் திறந்தாள். "சம்பந்தி, நான் எல்லாத்தையும் சொல்லிடறேங்க..."

"எனக்குத் தெரியுமுங்க."

மரகதத்துக்கு விளங்கவில்லை.

"உங்கப்பா மருந்தடிச்சது, நீங்க லைன்ல பொறந்தது, அக்கா படிக்க வெச்சது, எல்லாம் ஜெயஸ்ரீ லோகுகிட்ட எப்பவோ சொல்லிருச்சு. அவன் எங்கிட்டச் சொல்லித்தான நான் பொண்ணுப் பார்க்கவே வந்தேன். அன்னிக்கு நீங்க ஹெட் கிளார்க்குன்னதும் எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. செரி, கூச்சம், போவப்போவச் சொல்லுவாங்கன்னு உட்டுட்டேன். பொறந்த ஊட்டுக்கே கூட்டிட்டு வந்தா மனசு தொறந்து பேசுவீங்கன்னுதான் இன்னிக்கு வந்தது. உங்கக்கா இங்க இருப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"உங்களுக்கு... பரவாயில்லைங்களா?"

"என்னங்க பரவாயில்ல?" ஜானகியம்மாளின் குரல் முதல்முறையாகக் கடுத்தது. "பதினாறு வயசுல நான் சிங்காநல்லூர்ல மில்லுல கோன் சுத்தினவ. பஞ்சுத் தூசில எங்கக்கா ரத்தமா இருமிப் போனா. அவ போட்டோதான் எங்கூட்டுல முதல்ல மாட்டியிருக்கு. நீங்க வந்தப்பப் பார்த்தீங்களே, யாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மரகதம் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் சோபாவின் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைன் ஊடு எனக்குப் பெரிசில்லீங்க. கண்ணுக்கு முன்னால உக்காந்திருந்தவங்கள யாரோன்னு பார்த்துட்டு நின்னீங்க பாருங்க, அது எனக்குச் செமிக்கல. நாளைக்கு எம்மகனுக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவீங்கன்னு தோணுதுங்க."

"கல்யாணத்த நிறுத்திடாதீங்க. கால்ல விழறேன்."

"எங்கால்ல எதுக்குங்க?" ஜானகியம்மாள் கார்க் கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். "நிச்சயத்தன்னிக்குத் தட்டு மாத்த உங்கக்கா வரோணும். அவங்க கையாலதான் நான் வாங்குவேன். போயிக் கூப்புடுங்க. அவங்க வந்தா கல்யாணம்."

மரகதம் திரும்பி நடந்தாள். மஞ்சில் நாலடி தூரம்தான் தெரிந்தது. ஆனாலும் வழி தவறவில்லை. அந்தக் கல்பாதையில் அவள் காலுக்குக் கண் தேவைப்படவில்லை.

மூணாவது வீட்டில் சாப்பாட்டு நேரம். வாசற்கயிற்றை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பேச்சி கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு, டிபன் டப்பாவிலிருந்து தயிர்சாதத்தை ஜெயஸ்ரீக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகளின் கண் வீங்கியிருந்தது.

"டிக்கெட் எடுத்தாச்சா?" என்றாள் பேச்சி, தலை நிமிராமல்.

"அக்கா."

"உள்ள வர்றவங்க டிக்கெட் வெச்சிருக்கணும். ரூல்ஸு."

மரகதம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. நிஜமான அழுகைதான், ஆனால் அதற்குள்ளேயும் காரில் காத்திருப்பவளின் நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அன்னிக்கு உன்ன அனுப்பியிருக்கக் கூடாதுக்கா."

"அனுப்பினதுகூடப் பரவால்ல புள்ள. பஸ்ஸு கிளம்பற வரைக்கும் நிப்பன்னு பார்த்தேன். நீ நிக்கல."

மரகதம் முந்தானையை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜெயஸ்ரீக்கு நிச்சயம் வெச்சிருக்கோம். அடுத்த வெள்ளிக்கிழமை. நீதான் வந்து தட்டு மாத்தித் தரணும். அதுக்குத்தான் வந்தேன்."

பேச்சி கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். தங்கையை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லு. அந்தக் கோயமுத்தூரம்மா சொல்லி வந்தியா, நீயா வந்தியா?"

வெளியே களத்தில் மேஸ்திரி வேஷக்காரர் அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. உண்மையைச் சொன்னால் அக்கா வரமாட்டாள். வரவில்லை என்றால் ஜெயஸ்ரீயின் வாழ்க்கை போய்விடும். மகளுக்காகத்தானே என்று மரகதம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நானாத்தான் வந்தேன்க்கா."

பேச்சியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. புருவத் தழும்பு நெளிந்தது. எட்டு வருஷத்துக் கோபம் இவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடும் என்று மரகதம் எதிர்பார்க்கவில்லை. இறங்கியதைப் பார்க்கவும் முடியவில்லை.

"எந்திரி. படியில உக்காராத, ஈரம்" என்றாள் பேச்சி. "வரேன். நல்ல சேல ஒண்ணு இருக்கு, கட்டவே இல்ல. லீவு சொல்லணும், அதுக்கு ஜெஸிந்தாகிட்ட..."

ஜெயஸ்ரீயின் போன் அதிர்ந்தது. லோகுவிடமிருந்து செய்தி. நீளமாக இருந்தது, அவள் இரண்டு முறை படித்தாள். காரடியில் நடந்த பேச்சு முழுவதும் அதில் இருக்கிறது என்பதை, அவள் தலை நிமிர்ந்தபோது மரகதம் தெரிந்துகொண்டாள்.

ஜெயஸ்ரீ எழுந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்வை மட்டும் அம்மாவின்மேல் இருந்தது.

"கொஞ்சம் இருங்க பெரியம்மா" என்றாள். "அம்மா இன்னும் முழுசாச் சொல்லல."